இரண்டு இடத்தில் காணாமல் போன பாசி

“செத்துப்போச்சு சார்,” என்றாள் வேல்விழி.

ஃபாயிஸ் இரண்டடி பின்வாங்கினான். “யாரும்மா? எங்க?”

“மணலு.”

“சார், கொலைக் கேஸுன்னு ஆசையா வந்தேன். இங்க மணலுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்றாங்க.”

பழமலைநாதன் சிரிக்கவில்லை. ஃபாயிஸ் மூன்று ஜோக் அடித்தால் ஒன்றுக்காவது மூக்கால் ஒரு சத்தம் விடுகிற மனிதர். இன்று காலையிலிருந்து அதுவும் இல்லை. பேசாமல் இரும்பு ஏணியில் ஏறி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

விருத்தாசலத்தில் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஏகப்பட்டது இருக்கிறது. பாலக்கரையில் ஊறுகாய் ஜாடியும் வாஷ்பேசினும் விற்கிற பீங்கான் கடையின் மாடியில் பழமலைநாதன் துப்பறியும் நிலையம் நடத்துகிறார், உதவிக்கு ஃபாயிஸ். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. வேல்விழிக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதைக் கண்டுபிடித்துக் கல்யாணத்தை நிறுத்தியவர் அவர்தான். அந்த நம்பிக்கையில்தான் அந்தப் பெண் இப்போதும் அவரைத் தேடி வந்திருந்தாள். அவர் ஒப்புக்கொண்டதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. ஃபாயிஸுக்கு ஷார்ஜா விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். இது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற கடைசிக் கேஸ். கேஸே இல்லாமல் அந்த ஒரு வாரத்தை ஓட்டுவதை நினைத்தாலே அவருக்குப் பகீரென்றது.

கொல்லைமேடு கிராமத்தின் குடிதண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்துதான் போகிறது. ஆள் உயரச் சிமென்ட் தொட்டி. அடியில் ஜல்லி, அதற்கு மேல் மணல், மணலுக்கு மேல் முழங்கால் ஆழத்துக்கு ஏரித் தண்ணீர். மேலே விட்ட தண்ணீர் மணலில் மெல்ல இறங்கி, சுத்தமாகி, ஊர்க் குழாய்களுக்குப் போய்ச் சேரும். போன வருஷம் கட்டியது. அதைப் பார்த்துக்கொள்கிற வேலை வேல்விழிக்கு.

“மணலு மேல பச்சையா ஒரு ஏடு கட்டும் சார். பாலு மேல கட்டுமே, அது மாதிரி. எல்லாம் பாசியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும்தான். தண்ணியில இருக்குற கெட்டதையெல்லாம் அதுதான் தின்னுடும். மணலு சும்மா சல்லடை. வேலை பாக்குறது ஏடுதான்.”

“அப்போ இது தண்ணித் தொட்டி இல்ல, மெஸ்ஸு,” என்றான் ஃபாயிஸ்.

“ஏடு ரொம்பத் தடிச்சு தண்ணி எறங்கலைன்னா, மேல ஒரு விரக்கடை மணலை மட்டும் வழிச்செடுத்து அலசிக் காயவெப்பேன். மறுபடியும் கட்டிக்கும். ஆனா தண்ணி இல்லாம வெயில்ல ஒரு பகல் முழுக்கக் கெடந்துச்சுன்னா செத்துடும். திரும்ப உயிர் வர மூணு வாரமாவது ஆவும். அதுவரைக்கும் குழாயில வர்ற தண்ணி ஒரே நாத்தம்.”

“இது எத்தனையாவது தடவை?” பழமலைநாதன் மேலிருந்தே கேட்டார்.

“மூணாவது. மொதல் தடவை போகிக்கு நடந்துது. அது ஊருக்கே தெரிஞ்ச கதை.” வேல்விழி தலையில் அடித்துக்கொண்டாள். “போகிக்கு எல்லாரும் அவங்கவங்க வூட்டைச் சுத்தம் பண்ணினாங்களா. நம்ம தொட்டி மட்டும் பாசி புடிச்சு அழுக்கா நிக்கலாமான்னு பொம்பளைங்க எல்லாம் சேந்து உள்ள எறங்கிட்டாங்க. தண்ணியைத் தொறந்துவுட்டு, ஏட்டை வழிச்சுப் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவிக் கழுவி, வெளியில சுண்ணாம்பு அடிச்சு, தொட்டிக்குக் குங்குமப் பொட்டும் வெச்சுட்டாங்க. நான் எங்க மாமா வூட்டுலேருந்து வந்து பாக்குறேன்…”

“பொணத்துக்குப் பொட்டு வெச்சிருக்காங்க,” என்றான் ஃபாயிஸ்.

வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. “அது தெரியாம பண்ணினது சார். அதுக்கப்புறம் வெவரம் சொல்லிட்டேன். ஆனா சித்திரையில ஒரு தடவை, இப்ப ஆடியில ஒரு தடவை, யாரோ வேணும்னே காயவெச்சிருக்காங்க. ரெண்டு தடவையும் நான் நல்லூர் யூனியன் ஆபீஸுல மீட்டிங்னு போன நாளு. காலைல போயிட்டு சாயங்காலம் வந்து மோட்டாரைப் போட்டேன். மேல ஏறிப் பாக்கல, ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல குழாயத் தொறந்தா குப்புனு நாத்தம்.”

“ஊரு என்ன சொல்லுது?”

“நான் ஒழுங்காப் பாக்கலையாம். பள்ளிக்கூடத்துக் குழாயில தண்ணி குடிச்சு துர்காக்கா மவளுக்கு வாந்தி பேதி. விருத்தாசலம் ஆஸ்பத்திரியில வெச்சு டிரிப்பு ஏத்தினாங்க. நாளைக்குச் சுதந்திர தினம், கிராம சபை கூடுது. என்னை வேலைய வுட்டுத் தூக்கிட்டு, தொட்டியையும் மூடிடலாம்னு தீர்மானம் போடப் போறாங்க. அம்மாவுக்கு நடக்க முடியாது சார். இதை வுட்டா எங்களுக்கு வேற வழி கெடையாது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் அழுததாக ஆகிவிடும் என்கிற ரோஷம்.

பழமலைநாதன் இறங்கி வந்து தொட்டியைச் சுற்றி நடந்தார். மோட்டார் அறைக்கும் ஏணிக்கும் கம்பி வேலி உண்டு, போகிக்குப் பிறகு போட்ட பூட்டும் உண்டு. ஆனால் தொட்டித் தண்ணீரை வெளியே வடிக்கிற வால்வு வேலிக்கு வெளியே, ஓடைப் பக்கம் இருந்தது. பூட்டிப் பாதுகாத்த வீட்டுக்குக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி. கையால் திருகினால் போதும், தண்ணீர் மொத்தமும் ஓடைக்குப் போய்விடும்.

ஆனால் ஓடைக்குப் போகவில்லை. அதைத்தான் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வால்விலிருந்து ஓடைக்குப் போகிற வழியில் யாரோ மண்வெட்டியால் மண்ணை அணைகட்டி, பக்கவாட்டில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அது பள்ளிக்கூட வேலியோரம் நட்டிருந்த வேப்பங்கன்றுகளிடம் போய் முடிந்தது. அந்த அணைமண்ணில் ஈரம் காய்ந்த வெடிப்பு இன்னும் தெரிந்தது.

“வேல்விழி, இந்த வாய்க்கால் நீங்க வெட்டினதா?”

“இல்ல சார். நான் இந்தப் பக்கம் வர்றதே இல்ல.”

“டேய் ஃபாயிஸ். ஊருத் தண்ணியைக் கெடுக்க வந்தவன், அந்தத் தண்ணி வீணாப் போவுதேன்னு செடிக்குத் திருப்பிவுட்டுட்டுப் போயிருக்கான். என்ன மாதிரி ஆளுடா இவன்?”

“ரொம்ப நல்ல கெட்டவன் சார்.”

சந்தேகப்பட அந்த ஊரில் ஒரே ஒரு பெயர்தான் அடிபட்டது. தேவநாதன். விருத்தாசலத்தில் கேன் தண்ணீர் வியாபாரம். குழாய்த் தண்ணீர் கெட்டால் யாருக்குக் கொண்டாட்டம்? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஃபாயிஸ் எம்-எய்ட்டி வண்டியை உதைத்துக் கிளப்பினான். வழி நெடுக ஷார்ஜாவில் தண்ணீர் பெட்ரோலைவிட விலை என்று அவனுடைய மச்சான் சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். பழமலைநாதன் பின்னால் உட்கார்ந்து உம் கொட்டினார். பாதி காதில் விழவில்லை. காற்று ஒரு காரணம்.

தேவநாதன் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது ‘அம்மா’ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“கொல்லைமேடா? அந்த ஊரு பேரையே எடுக்காதீங்க சார்.”

“தொட்டி கெட்டுப்போச்சே. உங்களுக்கு நல்ல வியாபாரமாமே?”

“எவன் சொன்னான்?” மனிதருக்குக் கோபத்தில் இடுப்பு வலிகூட மறந்துவிட்டது. “ஒரு கேன், ஒரே ஒரு கேன் அங்க போயிருந்தா என்னை ஏன்னு கேளுங்க. வண்டியை அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்துச்சு. குழாயில நாத்தம் வந்தா அந்த ஊருச் சனம் கேன் வாங்காது சார். குடத்தைத் தூக்கிக்கிட்டு நேரா ராஜாம்பாள் வூட்டுக்குப் போயிடும். சுத்துவட்டாரத்துலயே அந்தக் கெணத்துத் தண்ணிதான் இளநி மாதிரி. அந்தம்மா யாருக்கும் இல்லைன்னு சொல்லாது.”

ஃபாயிஸ் முகத்தைத் தொங்கப் போட்டான். ஒரே சந்தேக ஆசாமியும் கையை விட்டுப் போய்விட்டார்.

“இடுப்புல என்ன?” என்று கேட்டார் பழமலைநாதன்.

“அதுவும் அந்தக் கெணறுதான். அந்தத் தண்ணியைக் கேன்ல அடைச்சு விக்கலாம்னு பேச ஆடிப்பெருக்கன்னிக்குப் போயிருந்தேன். கெணத்தடி பூரா பாசி. கையளவு கல்லு ஒண்ணுல மட்டும் அந்தம்மா நின்னு தண்ணி எடுக்கும்போல. நான் ஒரு அடி வெச்சேன், சர்ருனு போயி மல்லாக்க வுழுந்தேன். அப்படியும் முடியாதுன்னு சொல்லிடுச்சு. ‘தண்ணிய வித்தா எவ வந்து எடுப்பா’ன்னு என்னையே கேக்குது.”

வெளியே வந்து எம்-எய்ட்டியில் உட்கார்ந்த பிறகும் பழமலைநாதன் கிளம்பச் சொல்லவில்லை.

“சார், அடுத்து யாரு?”

“மொதல்ல சாப்பாடு.”

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ்ஸில் அவருக்கென்று சுவரோரம் ஒரு இடம் உண்டு. பல வருஷமாக அங்கேதான் சாப்பாடு. கல்யாணம் என்று ஒன்று நடக்காமலே போய்விட்டது. ஏன் என்று யாராவது கேட்டால் ஊரான் மாப்பிள்ளைகளை விசாரித்து விசாரித்து நம்பிக்கை போய்விட்டது என்பார். அது பொய். கேட்கிறவர்களும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. அன்றைக்கு ஃபாயிஸ் மங்கலம்பேட்டையிலிருந்து அவன் அம்மா மர்ஜானா கொடுத்தனுப்புகிற டிபன் கேரியரோடு வந்து, கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் நுழைந்து, மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சாப்பாடு முடிகிறவரை வாய் ஓயாமல் பேசுவான். வாயை மூடுடா என்று அவர் திட்டாத ஞாயிறு கிடையாது.

“வர்ற ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்ணுவீங்க சார்?” ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

“பட்டினி கெடப்பேன். உனக்கென்ன?” என்று எரிந்து விழுந்தார்.

மறுபடியும் கொல்லைமேட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ராஜாம்பாள் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். இரண்டு ராட்டினமும் கிறீச் கிறீச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் சொம்போடு நின்று, வருகிறவள் போகிறவளுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கல்யாண வீட்டுக்காரி சந்தோஷம்.

“வாங்க தம்பி, வாங்க. மோரு குடிங்க. இந்தத் தம்பிக்கும் குடுங்கடி.”

பழமலைநாதன் மோரை வாங்கிக்கொண்டு கிணற்றடியில் மெல்ல நடந்தார். வழுக்கவில்லை. கருங்கல் தரை ஓரம் வரைக்கும் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டார். துர்கா என்று பெயர் சொன்னாள். டிரிப் ஏற்றிய பெண்ணின் அம்மா.

“நாத்தம் வந்த அன்னிக்கு மொதல்ல இங்க வந்தது யாரும்மா?”

“நாந்தாங்க. சனிக்கிழமை விடிஞ்சதும் குழாயில மோந்து பாத்துட்டு நேரா இங்கதான் வந்தேன்.”

“பாத்து வரணும்ல. கெணத்தடி பாசியில வழுக்கிடப் போவுது.”

“அய்ய, பாசியா? பெரியம்மா சுத்தக்காரங்க. அன்னிக்கும் இதே மாதிரி பளிச்சுனுதான் இருந்துச்சு.” அவளே பெருமையாகக் கயிற்றையும் எடுத்துக் காட்டினாள். “ரெண்டு ராட்டினத்துக்கும் புதுக் கயிறு வேற. புதுக் கயிறுன்னா கையைக் கிழிக்கும்ல? நல்லா ஊறவெச்சு, பதம் பண்ணி, பஞ்சாட்டம் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக்கூடப் பெரியம்மாதான் தெனம் தண்ணி தூக்கிட்டுப் போறாங்க. எம் பொண்ணுக்கு ஒடம்பு முடியாம போனதுலேருந்து.”

பழமலைநாதனுக்கு வாயில் இருந்த மோர் புளித்தது. கண்டுபிடித்துவிட்ட குஷி என்று ஒன்று வருமே, அது வரவில்லை.

ஃபாயிஸைக் கையைப் பிடித்து வைக்கோல்போர் பக்கம் இழுத்துப்போனார்.

“பாசி காணாம போனது ஒரு இடத்துல இல்லடா. ரெண்டு இடத்துல.”

“புரியல சார்.”

“வியாழக்கிழமை ஆடிப்பெருக்கு. அன்னிக்கு தேவநாதன் வுழுந்து இடுப்பை ஒடச்சுக்குற அளவுக்கு இங்க பாசி. வெள்ளிக்கிழமை வேல்விழி நல்லூர் போனா, தொட்டி காஞ்சுது. சனிக்கிழமை காலைல மொத ஆளு குடத்தோட வர்றப்ப இங்க தரை பளிச்சுனு இருக்குது.”

“அந்த ஆளு வுழுந்ததால தேச்சிருக்கலாமே? அடுத்த ஆளும் வுழுந்தா கெணறே ஆஸ்பத்திரியா ஆயிடும்.”

“சரி, தேச்சாங்க. கயிறு? ஒத்தைப் பொம்பளை ஒரு குடம் தண்ணி எடுக்க ரெண்டு ராட்டினத்துக்கும் எதுக்குடா புதுக் கயிறு? அதைப் பதம் பண்ண நாளு புடிக்கும். கூட்டம் வரும்னு மொதல்லயே தெரிஞ்சவங்கதான் ஊறவெப்பாங்க.”

ஃபாயிஸ் திரும்பி மோர் ஊற்றுகிற அம்மாளைப் பார்த்தான். சொல்ல ஒரு ஜோக்கும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அத்தனை பேரும் குடத்தோடு போய்ச் சேருகிறவரை காத்திருந்தார்கள். கடைசிப் பெண் தெருவில் திரும்பியதும் அந்த வீட்டில் சட்டென்று ஒரு அமைதி விழுந்தது. வீடு பெரிது. மூன்று கட்டு. ஆள் ஒன்று. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது, நிலம் குத்தகைக்கு. ராஜாம்பாள் சிந்திய மோரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கெணத்தடிப் பாசியை எப்பத் தேச்சீங்க?” என்று பழமலைநாதன் கேட்டார். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

துணி நின்றது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தெரிஞ்சுபோச்சா தம்பி?”

“சொல்லுங்கம்மா.”

“அந்தத் தொட்டி வர்றதுக்கு முன்னால ஊரே இங்கதான் தண்ணி எடுக்கும். அது வந்ததும் ஒருத்தி கெடையாது. அவளுங்க மேல தப்பு இல்ல. வாசல்லயே குழாய் இருக்கறப்ப எவ வந்து கயிறு இழுப்பா? போகிக்கு அவளுங்க கூத்தடிச்சு அதைக் கெடுத்தாங்களா, மூணு வாரம் எல்லாரும் திரும்பி வந்தாங்க. காலைல நான் கதவு தொறக்குறதுக்குள்ள வாசல்ல குடம் மோதுற சத்தம். பெரியம்மா பெரியம்மான்னு கூப்புட்டுக்கிட்டே இருப்பாளுங்க. அப்புறம் தொட்டி சரியாச்சு. ஒரே நாளுல எல்லாம் நின்னுபோச்சு. மறுநாள் காலைல நான் கயித்தைப் போட்டுட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன் தம்பி. யாரும் வரல. எனக்குன்னு ஒரு குடம் எறச்சேன். அந்த ராட்டினச் சத்தம் எனக்கே பயமா இருந்துது.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெயில்ல காஞ்சா ஏடு செத்துடும்னு வேல்விழி ஊருக்கே சொன்னா. மத்தவளுங்க மறந்துட்டாங்க. எனக்கு மறக்கல. அவ நல்லூர் போற நாளைக் கேட்டு வெச்சுக்கிட்டு, காலைல தொறந்துவுட்டுட்டு சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள மூடினேன். நாத்தம் வந்தா எவளும் குடிக்க மாட்டா, இங்கதான் வருவான்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நெனப்பு வரல தம்பி. சத்தியமா வரல. துர்கா பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் ஒரு வாய் சோறு தின்னல.”

“வாய்க்கால் வெட்டுனது?”

“அம்மாந்தண்ணி சும்மா ஓடைக்குப் போவுதே. மனசு கேக்கல. மம்முட்டி எடுத்தாந்து கன்னுக்குத் திருப்பிவுட்டேன்.”

பழமலைநாதனுக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பிழைப்பு, ஒரு குழந்தையின் உயிர். கோபம் வரவில்லை. வராததுதான் அவரைப் பயமுறுத்தியது.

“நாளைக்கு சபையில நான் உண்மையைச் சொல்லித்தான் ஆவணும்மா. இல்லேன்னா அந்தப் பொண்ணு தெருவுல நிப்பா.”

“சொல்லுங்க. சொன்னா அப்புறம் என் வூட்டுக்கு எவ வருவா?”

பழமலைநாதன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “நான் கடைசியாத்தான் எழுந்திருப்பேன். அதுக்கு முன்னால யாராவது எழுந்திருக்கணும்னா எழுந்திருக்கலாம். போயிட்டு வரேன்.”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு முட்டாய் கொடுத்து முடித்து, அதே கொட்டகையில் கிராம சபை கூடியது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். முடிந்ததும் தண்ணீருக்குப் போகலாம் என்று பெண்கள் காலிக் குடங்களோடு வந்திருந்தார்கள். வேல்விழியும் குடத்தோடு ஒரு தூணோரம் நின்றிருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொட்டியைப் பராமரிக்கத் தவறிய காரணத்தால் என்று ஆரம்பித்தார்.

பழமலைநாதன் பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். ராஜாம்பாள் பெண்கள் நடுவில் இருந்தாள். தலை நிமிரவில்லை.

“யாராவது எதுனா சொல்லணுமா?” என்றார் தலைவர்.

ஃபாயிஸ் பழமலைநாதனின் தொடையில் இடித்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். அதற்கு மேல் முடியாது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

“நாந்தான் பண்ணேன்.”

ராஜாம்பாள் எழுந்து நின்றிருந்தாள். குரல் மெல்லியதுதான், ஆனால் கொட்டகை முழுக்கக் கேட்டது. “சித்திரையிலயும் நாந்தான். ஆடியிலயும் நாந்தான். தண்ணியைத் தொறந்துவுட்டு மணலைக் காயவெச்சேன். வேல்விழி மேல ஒரு தப்பும் இல்ல.”

“எதுக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“நீங்கள்லாம் வரணும்னு.”

யாராவது திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். துர்கா மட்டும் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றாள். “எம் பொண்ணு பெரியம்மா,” என்றாள். பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். அப்புறம் எல்லோரும். வேல்விழியின் வேலை அவளிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தலைவரும் அவசரமாகக் கிளம்பினார்.

கொட்டகையில் ராஜாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெளியே தெருவில் பெண்கள் காலிக் குடங்களோடு அவள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த ஊருக்கு நடந்தாலும் நடப்பார்கள், அங்கே நுழையமாட்டார்கள்.

வேல்விழி தூணை விட்டு வந்தாள். நல்லா கேட்கப்போகிறாள் என்று ஃபாயிஸ் கையைப் பிசைந்தான். கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

“வாங்க, வூட்டுக்குப் போவலாம்,” என்றாள் வேல்விழி. “எனக்குத் தண்ணி வேணும்.”

ராஜாம்பாள் புரியாமல் பார்த்தாள்.

“ஏடு முழுசாக் கட்ட இன்னும் ரெண்டு வாரம் ஆவும்ல. அதுவரைக்கும் நான் எங்க போயி எடுப்பேன்? எனக்கு உங்க மேல ஆத்திரம் தீரல. தீர நாளாவும். அதுக்காகத் தாகத்தோட இருக்க முடியுமா?”

“ரெண்டு வாரம் கழிச்சு?” அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ராஜாம்பாளே பயந்துபோனாள்.

வேல்விழி காலிக் குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “மணலு அலசணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வழிச்செடுத்து, நல்ல தண்ணியில அலசணும். ஒத்தையா முடியல. உங்க கெணத்தடியிலதான் எடம் இருக்குது. ஆனா அந்த வால்வுக்கு இன்னிக்கே பூட்டு போடுவேன். சாவி என்கிட்டதான் இருக்கும்.”

“போடு கண்ணு. போட்டுடு,” என்று ராஜாம்பாள் அழ ஆரம்பித்தாள். இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள். ஒருத்தி முன்னால், ஒருத்தி கொஞ்சம் பின்னால்.

எம்-எய்ட்டி விருத்தாசலம் ரோட்டில் ஏறி வெகு தூரம் வந்த பிறகும் ஃபாயிஸ் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷத்தில் இப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை. பீங்கான் தொழிற்பேட்டைப் புகைபோக்கிகள் கண்ணில் பட்டதும்தான் பேசினான்.

“சார்.”

“ம்.”

“நான் போனப்புறம் நீங்க எந்த வால்வைத் தொறப்பீங்க?”

பழமலைநாதனுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து தேங்கியிருந்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் போனால் கண்ணில் தூசி விழத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. ஒரு பொம்பளை ஊர் முன்னால் நின்று நீங்கள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். தாம் சொல்ல வேண்டியது ஒரே ஒருத்தனிடம்தான், அதுவும் அவன் முதுகிடம்.

“நீ இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்டா,” என்றார். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணு.”

“பண்றேன் சார்,” என்றான் ஃபாயிஸ். திரும்பிப் பார்க்காமல் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பாலக்கரை வரைக்கும் மெதுவாகவே ஓட்டினான்.